எல்லாரும் எனக்கு ஒண்ணுதான்

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் யாரிடம் பேசினாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும். "நான் பேஷண்ட்ல கறுப்பு, வெள்ளை, மதம், இனம் எதையும் பார்க்கறதே இல்லைங்க. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்." சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். நியாயமான பெருமிதம்தான், இல்லேங்கல. பந்தியில் தனி இலை போட்ட ஊரிலிருந்து போனவர்கள் அப்படிச் சொல்வது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் இந்த வாக்கியத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டது, இன்னிக்கு எழுதிடறேன். நீளமா போகும். காபியோட உக்காருங்க.

சண்டைக்குக் களம் ஆஸ்திரேலியாவின் வடக்கு மாநிலம். டார்வின் நகரம். டயாலிசிஸ் வார்டு.

அந்த நாட்டின் பூர்வகுடி மக்களுக்கு, அதிலும் உள்காட்டுப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு, சிறுநீரகம் பழுதாவது மற்ற ஆஸ்திரேலியர்களைவிடப் பல மடங்கு அதிகம். வறுமை, நெரிசலான வீடுகள், சின்ன வயதிலேயே திரும்பத் திரும்ப வரும் தோல் தொற்று, சர்க்கரை வியாதி என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சிறுநீரகம் போனால் வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலைந்து மணி நேரம் மிஷினோடு உட்கார வேண்டும். மிஷின் இருப்பது நகரத்தில். வீடு இருப்பது பல நூறு கிலோமீட்டர் தள்ளி. ஆகவே வீட்டை விட்டு நகரத்துக்குக் குடிபெயர வேண்டும். சாகும் வரைக்கும்.

2002-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆலன் காஸ் என்ற சிறுநீரக மருத்துவரும், மொழி பற்றித் தெரிந்தவர்களும், யோல்ங்கு மக்களும் சேர்ந்து செய்தது. (யோல்ங்கு என்பவர்கள் ஆர்னெம் லேண்ட் பகுதியின் பூர்வகுடிகள். அவர்கள் பேசுவது யோல்ங்கு மாத்தா எனும் மொழிக் குடும்பம். ஆங்கிலம் அவர்களில் பலருக்கு இரண்டாவது, மூன்றாவது மொழி.) டயாலிசிஸ் யூனிட்டில் நோயாளியும் ஊழியரும் பேசிக்கொள்வதை வீடியோ எடுத்தார்கள். பிறகு அதைப் போட்டுக் காட்டி, இவர் என்ன சொன்னார், உங்களுக்கு என்ன புரிந்தது என்று இரண்டு தரப்பிடமும் விசாரித்தார்கள்.

முடிவைப் படித்தால் வயிற்றைப் பிசையும். முக்கியமான எந்த விஷயத்திலும் இரண்டு பேருக்கும் ஒரே புரிதல் ஏற்பட்டது அபூர்வம். வருஷக்கணக்கில் டயாலிசிஸில் இருப்பவருக்கு எதற்காக இந்த மிஷின் என்பதே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. இதைவிட மோசம் ஒன்று உண்டு. புரியவில்லை என்பதே பெரும்பாலான நேரம் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் விளக்கியாச்சு என்று நினைத்துக்கொண்டு போகிறார். நோயாளி தலையாட்டியாச்சு என்று வீட்டுக்குப் போகிறார்.

இந்தத் தலையாட்டல் நமக்கு ஒண்ணும் புதுசில்லை. நம்ம அப்பத்தா டாக்டர் முன்னாடி உக்காந்துட்டு "சரிங்க சார், சரிங்க சார்"னு சொல்லிட்டு வெளிய வந்ததும் "என்னடா சொன்னாரு அந்தப் புண்ணியவான்?"னு கேக்கும் பாருங்க, அதே கதைதான். மரியாதைக்குச் சொல்லும் "சரி" வேறு, புரிந்து சொல்லும் "சரி" வேறு. அப்பத்தாவுக்காவது வெளியே நாம் இருக்கிறோம். யோல்ங்கு கிழவிக்கு வெளியே யார்?

சரி, ஏன் இப்படி ஆனது? அந்த ஆய்வு சொன்ன காரணங்களை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்றேன். எப்போது பேசுவது, எங்கே பேசுவது, எதைப் பற்றிப் பேசுவது, எந்த மொழியில் பேசுவது, எல்லாமே ஆஸ்பத்திரியின் கையில். உடம்பு பற்றி அந்த மக்களுக்கு ஏற்கெனவே இருக்கும் அறிவுக்கு அங்கே இடமே இல்லை. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அறையில் இல்லை. ஊழியர்களுக்கு இந்த மாதிரி சூழ்நிலையில் எப்படிப் பேச வேண்டும் என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஊழியர்கள் கெட்டவர்கள் என்று ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை. அதுதான் கவனிக்க வேண்டியது. நல்லவர்கள்தான். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தியவர்கள்தான். ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார்கள், தெரியாதவருக்கும் ஆங்கிலத்திலேயே சொன்னார்கள். சமத்துவம்!

இங்க ஒரு புள்ளிவிவரம் சொல்லியே ஆகணும், எனக்குத் தூக்கம் கெட்டது இதுல. ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களுக்காக அரசாங்கம் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை தொடங்கியது 1973-ல். இன்றைக்குத் தமிழ் பேசும் ஒரு நோயாளிக்கு டாக்டர் போனை எடுத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். வடக்கு மாநிலத்தில் பூர்வகுடி மொழிகளுக்கான அரசு மொழிபெயர்ப்புச் சேவை தொடங்கியது 2000-ல். நேத்து வந்தவனுக்கு 27 வருஷம் முன்னாடியே கிடைச்சது, பல்லாயிரம் வருஷமா அங்கேயே இருக்கறவனுக்கு அதுக்கப்புறம்தான். அதுவும் சேவை இருக்கிறது என்பதற்கும் வார்டில் ஒருவர் கூப்பிடுகிறார் என்பதற்கும் நடுவில் இன்னொரு இருபது வருஷம் ஓடிப்போச்சு.

நிற்க. ஒரு சொல்லை அறிமுகப்படுத்தணும். ஆங்கிலத்தில் கல்ச்சுரல் சேஃப்டி என்கிறார்கள். தமிழில் "கலாசாரப் பாதுகாப்பு"ன்னு எழுதினா, நம்மூர்ல காதலர் தினத்தன்னிக்கு பார்க்குல தாலியோட சுத்துறாங்களே, அந்தக் கோஷ்டிதான் ஞாபகத்துக்கு வரும். :-) அதனால கல்ச்சுரல் சேஃப்டின்னே வெச்சுக்கறேன். யாராவது நல்ல சொல் கொடுத்தா மாத்திக்கறேன்.

இது டாக்டர்களோ பேராசிரியர்களோ கண்டுபிடித்த சொல் இல்லை. நியூசிலாந்தில் 1988-ல் நடந்த ஒரு கூட்டத்தில் முதலாம் ஆண்டு நர்ஸிங் படித்த ஒரு மாவோரி மாணவி எழுந்து கேட்டாராம். சட்டப்படி பாதுகாப்பு, தொழில்படி பாதுகாப்பு என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்குப் பாதுகாப்பு எங்கே என்று. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக் கோட்பாடாக வளர்த்தவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டென் என்ற மாவோரி நர்ஸ். 1992-ல் நியூசிலாந்து நர்ஸிங் கவுன்சில் அதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2003-ல் ராம்ஸ்டென் இறந்துபோனார். ஐம்பத்தேழு வயசுதான் ஆகியிருந்தது.

ராம்ஸ்டென் சொன்னதில் என்னைப் பிடித்து உலுக்கியது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, நாம் மேலே பார்த்த அதே வாக்கியம். நிறம், மதம், இனம் எதையும் பாராமல் சேவை செய் என்றுதான் நர்ஸ்களுக்குக் காலகாலமாகப் பாடம். ராம்ஸ்டென் அதைத் திருப்பிப் போட்டார். பாராமல் அல்ல, பார்த்து. உன் முன்னால் இருப்பவர் யார், எங்கிருந்து வருகிறார், உன்னைப் போன்றவர்களோடு அவருக்கு முன்னால் என்ன அனுபவம், இதையெல்லாம் பார்த்து, கணக்கில் எடுத்துக்கொண்டு சேவை செய். கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் ஒண்ணு என்றால், அந்த "ஒண்ணு" யாருடைய அளவுக்குத் தைத்த சட்டை என்பதே கேள்வி.

இரண்டாவது இன்னும் முக்கியம். பாதுகாப்பாக இருந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியது நோயாளி. ஆஸ்பத்திரி இல்லை, நர்ஸ் இல்லை, சான்றிதழ் கொடுத்த நிறுவனம் இல்லை. சாப்பாடு எப்படி இருந்தது என்று சமைத்தவனையா கேட்போம்?

இதனால்தான் நம் ஆட்கள் பலர் போய்வரும் அந்த அரைநாள் "பண்பாட்டு விழிப்புணர்வு" பயிற்சி முகாம்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருது. காலையில் பிஸ்கட் டீ, பவர்பாயின்டில் புள்ளி ஓவியம், "கண்ணைப் பார்த்துப் பேசாதீர்கள்" என்று நாலு குறிப்பு, மதியம் சான்றிதழ். அடுத்தவனின் பண்பாட்டை மனப்பாடம் பண்ணுவது இதுக்கு மருந்தில்லை. கல்ச்சுரல் சேஃப்டி நோயாளியை ஆராயச் சொல்லவில்லை, உன்னை ஆராயச் சொல்கிறது. உன் கையில் இருக்கும் அதிகாரத்தை, உன் ஆஸ்பத்திரியின் பழக்கங்களை. அது கசக்கும். நியூசிலாந்தில் கசந்தது, பத்திரிகைகள் குதித்தன, 1995-ல் நாடாளுமன்றக் குழு விசாரணை வரைக்கும் போனது. ஆஸ்திரேலியாவில் 2018-ல் நர்ஸ்களின் நடத்தை விதிகளில் இந்தச் சொல் வந்ததும், வெள்ளைக்கார நர்ஸ்கள் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஊசி போடணுமாம் என்று டிவியில் ஒரு புரளி கிளம்பியது. அப்படி ஒரு விதியே இல்லை. புரளிக்கு விதி எதுக்கு?

மறுபடி டார்வினுக்கு வருவோம். 2002-ல் ஆய்வு வந்தாச்சு. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கறுப்பு வெள்ளையில் எழுதியாச்சு. அப்புறம்?

அப்புறம் அது மேற்கோள் காட்டப்பட்டது. அடுத்த ஆய்வில், அதற்கடுத்த ஆய்வில். அறிக்கைக்கு அறிக்கை பிறந்தது. வார்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பூர்வகுடி மக்களைப் போல இத்தனை ஆராயப்பட்ட மக்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், மண்டை ஓட்டை அளந்தார்கள், கேள்வித்தாள் நிரப்பினார்கள், போனார்கள். ஆராய்ச்சி என்ற சொல்லே அந்த மக்கள் நடுவில் எவ்வளவு கெட்டுப்போன சொல் என்று மாவோரிப் பேராசிரியர் லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999-லேயே ஒரு புத்தகம் எழுதினார். தொட்டால் ஆராய்ச்சி, தும்மினால் ஆராய்ச்சி. ஆனா டயாலிசிஸ் நாற்காலி பக்கத்துல அவங்க பாஷை பேச ஒரு ஆள் இல்லை.

2019 வாக்கில்தான் ராயல் டார்வின் ஆஸ்பத்திரியில் விக்கி கெரிகன், அன்னா ரால்ஃப் போன்ற ஆய்வாளர்கள் வேறு மாதிரி ஒரு வேலை செய்தார்கள். பிரச்னையைத் திரும்ப அளக்காமல், மொழிபெயர்ப்பாளரைச் சிறுநீரக டாக்டர்களின் ரவுண்ட்ஸோடு சேர்த்து அனுப்பினார்கள். கூப்பிட்டால் வருவார் என்பது போய், கூடவே இருப்பார் என்றானது. நோயாளிகள் முதல் தடவையாகக் கேள்வி கேட்டார்கள். டாக்டர்களுக்கும் நிம்மதி. மொழிபெயர்ப்பாளர் பயன்பாடு கூடக் கூட, சிகிச்சை முடியும் முன்பே கிளம்பிப் போகிறவர்கள் குறைந்தார்கள் என்றும் அதே ஆஸ்பத்திரியில் இருந்து கணக்கு வந்தது.

இந்தக் "கிளம்பிப் போவது" பற்றி ஒரு வார்த்தை. கேஸ் ஷீட்டில் இதை எப்படி எழுதுவார்கள் தெரியுமா? மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறினார். ஒத்துழைக்காத நோயாளி. ஒரு மனுஷனுக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவன் மொழியில் ஒருத்தரும் சொல்லவில்லை, ஊரில் சாவு விழுந்திருக்கிறது, போகாவிட்டால் அவன் மனுஷனே இல்லை, பக்கத்துக் கட்டிலில் யார் என்று தெரியாது. எழுந்து போகிறான். குற்றம் அவன் பெயரில் பதிவாகிறது. அடுத்த தடவை அவன் வரும்போது அந்தப் பதிவு அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். புது டாக்டர் முகத்தைப் பார்க்கும் முன் அதைப் பார்ப்பார்.

இது வெறும் மனவருத்தம் சம்பந்தப்பட்ட விஷயமில்லை. உயிர் போகும். நியூ சவுத் வேல்ஸில் ஒரு சிற்றூர். 27 வயது, ஆறு மாதக் கர்ப்பிணி, விராஜுரி இனப் பெண். (பெயர் பத்திரிகைகளில் வந்ததுதான். இறந்தவர் பெயரைச் சொல்வதில் பூர்வகுடி மக்கள் பலருக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் விட்டுவிடுகிறேன்.) மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி படியேறியவர். 2016 புத்தாண்டு அன்று அதிகாலை வலியோடு போனார், பாராசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றே ரத்தத்தில் நஞ்சேறி இறந்தார். 2019-ல் மரண விசாரணையில், சிகிச்சை தரக்குறைவு என்பதோடு, பூர்வகுடிகள் மீது ஆஸ்பத்திரிகளில் உள்ளூர இருக்கும் பாரபட்சம் பற்றியும் பேசப்பட்டது. அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர்களைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்த்தோம் என்றுதான்.

இதுவரைக்கும் சொன்னது ஆஸ்பத்திரி திருந்துவது பற்றி. எனக்கு அதைவிடப் பிடித்த கதை ஒண்ணு இருக்கு. ஆஸ்பத்திரி திருந்தும் வரைக்கும் காத்திருக்காதவர்களின் கதை.

மத்தியப் பாலைவனத்தில் பிந்துபி என்று ஒரு மக்கள். 1960-களில் அவர்களை அரசாங்கம் லாரிகளில் ஏற்றிக் கொண்டுபோய்த் தொலைதூரக் குடியிருப்பில் வைத்தது. பிடிக்கவில்லை. 1981-ல் தாங்களே திரும்பிப் போய் கின்டோர் என்ற ஊரை உண்டாக்கிக்கொண்டார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே 500 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் மண் சாலை. மண்ணுக்குத் திரும்பி இருபது வருஷம்கூட ஆகவில்லை, அடுத்த லாரி வந்துவிட்டது. இந்தத் தடவை அதன் பெயர் டயாலிசிஸ். கிழவர்களும் கிழவிகளும் ஒவ்வொருவராக ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போனார்கள். யார் பாட்டையும் சடங்கையும் சொல்லிக் கொடுக்க வேண்டுமோ அவர்களே ஊரில் இல்லை. போனவர்கள் நகரத்தில் தனிமையில் வாடினார்கள். சிலர் டயாலிசிஸே வேண்டாம் என்று ஊருக்கு வந்து செத்துப்போனார்கள். கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருப்பார்கள் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

அரசாங்கத்திடம் கேட்டார்கள், ஊரிலேயே டயாலிசிஸ் வேண்டும் என்று. நடக்காது, ஆபத்து, செலவு கட்டாது என்று பதில்.

பிந்துபிகள் ஓவியர்கள். பாபுன்யா டூலா என்ற பெயரில் 1972 முதல் அவர்களுடைய ஓவியக் கூட்டுறவு உலகப் பிரசித்தம். கின்டோர் ஆண்கள் சேர்ந்து ஒன்று, பெண்கள் சேர்ந்து ஒன்று, பக்கத்து ஊரான கிவிர்குராவின் ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று, ஆக நாலு பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். மற்ற ஓவியங்களோடு 2000 நவம்பரில் சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அந்தக் காசில் தொடங்கி, 2004-ல் கின்டோரில் டயாலிசிஸ் மிஷின் ஓட ஆரம்பித்தது. நடக்காது என்று சொல்லப்பட்ட இடத்தில்.

அந்த அமைப்பின் பூர்வகுடிப் பெயர் நீளமானது, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அதன் கட்டடம் ஊதா நிறம் என்பதால் எல்லாருக்கும் அது "பர்ப்பிள் ஹவுஸ்". நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் பூர்வகுடிகள். இன்றைக்குப் பாலைவனத்திலும் வடக்கிலும் பல சிற்றூர்களில் அவர்களுடைய டயாலிசிஸ் நிலையங்கள். டயாலிசிஸ் மிஷின் பொருத்திய ஒரு லாரியும் உண்டு. நிலையம் இல்லாத ஊருக்கு, சாவு, சடங்கு, திருவிழா என்றால் அந்த லாரி கூடவே போகும். நோயாளி சாவுக்கும் போகலாம், டயாலிசிஸும் தப்பாது. மேலே சொன்ன "கிளம்பிப் போனவன்" பிரச்னைக்கு இவர்கள் கண்ட வைத்தியம் அது! அங்கே நோயாளிகள் சமைக்கிறார்கள், பச்சிலைத் தைலம் காய்ச்சுகிறார்கள், பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். பாரம்பரிய வைத்தியர்களுக்கும் இடம் உண்டு, நர்ஸ்களுக்கும் உண்டு. மத்திய ஆஸ்திரேலியாவில் டயாலிசிஸ் நோயாளிகளின் ஆயுள் ஒரு காலத்தில் நாட்டிலேயே மோசம். அந்த நிலைமை தலைகீழாக மாறியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2018-ல் தொலைதூர ஊர்களில் நர்ஸும் பூர்வகுடி சுகாதாரப் பணியாளரும் கொடுக்கும் டயாலிசிஸுக்கு மெடிகேர் மூலம் பணம் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டது. ஓவியம் விற்றதிலிருந்து கணக்குப் போட்டால் 18 வருஷம்.

என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியான ஆராய்ச்சி. கேள்வியை எழுப்பியது யாருக்கு நோயோ அவர்கள். எது வெற்றி என்று முடிவு செய்ததும் அவர்கள். கிரியேட்டினின் அளவு எவ்வளவு என்பது டாக்டரின் அளவுகோல். தாத்தா ஊரில் இருந்தாரா, பேரனுக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தாரா என்பது அவர்களுடைய அளவுகோல். இரண்டும் அளக்கப்பட வேண்டியவைதான். இதுவரைக்கும் ஒன்றைத்தான் அளந்துகொண்டிருந்தோம்.

இதெல்லாம் உணர்ச்சிவசப்பட்ட கதை, விஞ்ஞானம் இல்லை என்று யாராவது வருவீங்க. வாங்க. பிரிஸ்பேனில் இரண்டு பூர்வகுடி அமைப்புகளும் ஒரு பெரிய மகப்பேறு ஆஸ்பத்திரியும் சேர்ந்து 2013-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கர்ப்பிணிக்கு அவருக்கென்று ஒரு மருத்துவச்சி, எந்த நேரமும் போனில் கிடைப்பார். கூடவே பூர்வகுடிக் குடும்பப் பணியாளர், போக்குவரத்து, குழந்தைகளோடு வந்து உட்கார ஆஸ்பத்திரிக்கு வெளியே ஓர் இடம். 2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற பூர்வகுடிப் பெண்களோடு ஒப்பிட்டால், குறைமாதப் பிரசவ வாய்ப்பு 38 சதவீதம் குறைவு. பரிசோதனைக்கு வந்தவர்கள் அதிகம், தாய்ப்பால் கொடுத்தவர்கள் அதிகம். புது மாத்திரை எதுவும் இல்லை. ஆள் மாறவில்லை, நோய் மாறவில்லை, நடத்திய விதம் மாறியது. இதே விளைவைத் தரும் மாத்திரை ஒன்று வந்திருந்தால் கம்பெனிகள் டார்வினிலிருந்து பெர்த் வரைக்கும் பேனர் கட்டியிருக்கும்.

அடுத்த ஆட்சேபம் நம்மவர்கள் ஸ்பெஷல். "நிலத்தைப் பிடுங்கினது வெள்ளைக்காரன். நாம 1990-ல விசா வாங்கிட்டு வந்தவங்க. நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" சம்பந்தம் இருக்குங்க. கட்டிலில் படுத்திருப்பவருக்கு முன்னால் நீங்கள் நிற்கும்போது நீங்கள் மதுரைக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ இல்லை. நீங்கள்தான் ஆஸ்பத்திரி. அவர் பாட்டியின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனதே, அதே ஆஸ்பத்திரி, அதே அரசாங்கம், அதே கோட்டு. அதை நீங்கள் செய்யவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தவிர, அகதியாகப் போய், மொழி தெரியாமல் அரசு அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த அனுபவம் நம்மில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. அந்த அனுபவம் இருப்பவர் இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

சட்டத்தில் எல்லாம் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் டாக்டர், நர்ஸ் பதிவுகளை நிர்வகிக்கும் தேசியச் சட்டத்திலேயே 2022-ல் கல்ச்சுரல் சேஃப்டி குறிக்கோளாகச் சேர்ந்தது. அதைத் தீர்மானிப்பவர்கள் பூர்வகுடி மக்களே என்று அந்தப் பதிவு வாரியத்தின் விளக்கமும் சொல்கிறது. ராம்ஸ்டெனின் வாதம் சட்டப் புத்தகம் ஏறிவிட்டது, சந்தோஷம். ஆனால் 2020 முதல் 2022 வரையிலான கணக்குப்படி பூர்வகுடி ஆண்களின் ஆயுள் மற்ற ஆண்களைவிட 8.8 வருஷம் குறைவு, பெண்களுக்கு 8.1. 2020-ல் எல்லா அரசாங்கங்களும் பூர்வகுடி அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டு, அதிகாரத்தைப் பகிர்வோம், மக்கள் நடத்தும் சுகாதார நிலையங்களை வலுப்படுத்துவோம் என்று கையெழுத்திட்டார்கள். 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உற்பத்தித் திறன் ஆணையம் பரிசீலித்துவிட்டு, சொன்னபடி பெரும்பாலும் நடக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது.

எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஓர் அரசாங்கத்துக்கு இன்னொரு ஆய்வுக்குக் காசு ஒதுக்குவது சுலபம். ரிப்போர்ட் வெளியீட்டு விழாவில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளருக்கு மாசச் சம்பளத்தோடு நிரந்தர வேலை கொடுப்பது கஷ்டம், அது பட்ஜெட்டில் ஒவ்வொரு வருஷமும் உட்கார்ந்திருக்கும். சிட்னி ரெட்ஃபெர்னில் 1971-ல் பூர்வகுடிகள் தாங்களே நடத்தும் முதல் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்கள். இன்று அந்த மாதிரி 140-க்கு மேல் இருக்கின்றன. பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேலாக விடை கண் முன்னால் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் அடுத்த ஆராய்ச்சிக்கு என்ன தலைப்பு என்று அவர்களே சொல்வார்கள். அவர்கள் சொல்லாத தலைப்புக்குக் காசு கொடுப்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது என்பது என் அபிப்பிராயம்.

டார்வின் ஆய்வாளர்கள் "ஆஸ்க் த ஸ்பெஷலிஸ்ட்" என்று ஒரு ஒலிபரப்புத் தொடர் செய்திருக்கிறார்கள். நெட்டில் கிடைக்கிறது. அதில் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் இல்லை! லராக்கியா, திவி, யோல்ங்கு பெரியவர்கள்தான் ஸ்பெஷலிஸ்ட். டாக்டர்கள் சந்தேகம் கேட்க, அவர்கள் பதில் சொல்கிறார்கள். காரில் போகும்போது கேளுங்க.

நம்ம பதிவர் வட்டத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆஸ்பத்திரிகளில் இருக்கிறவங்க நாலைந்து பேராவது இருக்கீங்க. உங்க வார்டில் பூர்வகுடி மொழிபெயர்ப்பாளர் வேணும்னா யார் கூப்பிடணும், எத்தனை நேரத்தில் வருவார், ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன பண்ணுவீங்க? பின்னூட்டத்தில் ரெண்டு வரி எழுதுங்க. பெரிசா வந்தா தனிப்பதிவாவே போடுங்க, இங்கே சுட்டி கொடுத்துடறேன்.